நாலாவது ரூம்

திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு நான் கம்பெனி கேட்டைத் தாண்டுவதற்குள் என்னைத் தேடி மூன்று பேர் வந்துவிட்டுப் போயிருந்தார்கள். பேக்கிங்கில் கடிகாரத்தைக் காணோம். ஸ்டோர்ஸில் மெனுவைக் காணோம். கட்டிங்கில் ஒரு பெண் ‘ஸ்கிரீன் தலைகீழா ஆயிடுச்சு’ என்று எழுதி என் மேஜையிலேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். எல்லாம் எதிர்பார்த்ததுதான். இருபத்தாறு கம்ப்யூட்டரின் முகத்தை ஒரே சனிக்கிழமையில் மாற்றிவிட்டுப் போனவனுக்குத் திங்கட்கிழமை மாலையா போடுவார்கள்?

என் பெயர் மதியழகன். ஊர் குடியாத்தம். வேலூரில் இருக்கும் ஒரு சின்ன ஏஜென்சி மூலமாக, மாதனூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் மூன்று ஷூ கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்காமல் விட்டால் ஏன் என்று கேட்க எனக்கு வாய் கிடையாது. இந்தக் கம்பெனிக்கு லினக்ஸைக் கொண்டுவந்தவன் நான்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் இங்கே எல்லா மெஷினிலும் திருட்டு விண்டோஸ்தான். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிறான், சாஃப்ட்வேர் லைசென்ஸையும் கேட்பான் என்றதும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் ஒரே வாரத்தில் அத்தனையையும் அழித்து லினக்ஸ் போட்டேன். சும்மா கிடைக்கிறது என்றால் ஏதோ கோளாறு இருக்கும் என்று முறைத்தவர்கள்கூட ஒரு மாதத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு அதில் கர்வம் உண்டு. இல்லை என்று நடிக்க மாட்டேன்.

டெஸ்க்டாப் என்பது, கம்ப்யூட்டரைப் போட்டதும் தெரிகிற அந்தத் திரை, வீட்டுக்கு வாசல் மாதிரி. உள்ளே அடுப்பு, அரிசி, பெட்டி எல்லாம் அதே இடத்தில்தான் இருக்கும். ஆனால் கிழக்கே பார்த்த வாசலை வடக்கே வைத்துவிட்டால் வீட்டுக்காரனே இரண்டு நாள் முட்டிக்கொள்வான். அந்த லினக்ஸைச் செய்து தருகிறவர்கள் எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். அடுத்த பதிப்பிலிருந்து பழைய டெஸ்க்டாப் கிடையாது, வேறொன்றுதான் என்று போன வருஷம் அறிவித்துவிட்டார்கள். பழையதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். இணையத்தில் உலகமே சண்டை போட்டது. நானும் என் பங்குக்கு நாலு வரி திட்டி எழுதினேன். யார் கேட்டார்கள்? பழைய பதிப்புக்குப் பாதுகாப்பு அப்டேட் இந்த மாதத்தோடு நின்றுவிடும், நின்றால் ஆடிட்டில் கேள்வி வரும். ஆகவே மாற்றினேன்.

எப்படி மாற்றினேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். பழையதின் மேலேயே புதியதை ஏற்றினால் இரண்டும் கலந்து பேஜார் பண்ணும். சுத்தமாக அழித்துவிட்டுப் போடுவதுதான் என் வழக்கம். ஒவ்வொரு மெஷினிலும் ஃபைல்களை வெளியே காப்பி எடுத்தேன், அழித்தேன், புதியதைப் போட்டேன், ஃபைல்களைத் திரும்ப வைத்தேன். லினக்ஸில் சில ஃபோல்டர்கள் கண்ணுக்குத் தெரியாது. பெயர் புள்ளியில் ஆரம்பித்தால் மறைந்திருக்கும், ஒரு பட்டனை அழுத்தினால் தெரியும். டெஸ்க்டாப்பின் சொந்த சாமான்கள் எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். எனக்கு அது தெரியாமல் இல்லை. வெளியேறுகிறவனின் குப்பை புது வீட்டுக்கு எதற்கு என்று தெரிந்தேதான் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை சோளிங்கர் மலையில் மச்சினன் மகனுக்கு மொட்டை, காதுகுத்து. காலையில் ஆறு மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டும் என்று என் மனைவி எழிலரசி மூன்று தடவை போன் போட்டுவிட்டாள். லைன் சூப்பர்வைசர் ஜஹீதாவிடம் “பொண்ணுங்க ஏதாச்சும் சேவ் பண்ணி வச்சிருக்குதுங்களா?” என்று கேட்டேன். “அதுங்க இன்னா வச்சிருக்கப் போவுதுங்க, நீங்க பண்ணுங்க” என்றாள். பண்ணினேன்.

மூன்றாவது லைனின் கடைசி மேஜையில் கலையரசி நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு லைனின் முடிவிலும் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பெண். மணிக்கு ஒரு தடவை எத்தனை ஜோடி தேறியது, எத்தனை ஜோடி ரிஜெக்ட் என்று ஏற்ற வேண்டும். கலையரசி பி.காம். படித்தவள். நான் சொல்லிக் கொடுத்த பெண்களிலேயே ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்கிற பெண். அவள் முகம் வெளுத்திருந்தது.

“சார், நாலாவது ரூம் எங்க சார்?”

பழைய டெஸ்க்டாப்பில் ஒரே மெஷினுக்குள் நான்கு திரைகள் இருந்தன. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாண்டலாம். பெண்கள் அவற்றை ரூம் என்பார்கள். முதல் ரூமில் கணக்கு, இரண்டாவதில் ரிஜெக்ட், மூன்றாவதில் மெயில். நாலாவது சும்மா கிடக்கும்.

“ரூம் எல்லாம் இப்ப தானா வரும்மா. வேணும்னா திறக்கும், வேணாம்னா மூடிக்கும். பழைய ஜோலியே இல்ல” என்றேன்.

“அதுல மஞ்ச சீட்டு வச்சிருந்தேன் சார்.”

“இன்னா சீட்டு?”

“நீங்கதான சார் காட்டிக் குடுத்தீங்க. மஞ்சக் கலர்ல ஒட்டுமே, எழுதி வைக்கறது.”

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பழைய டெஸ்க்டாப்போடு வந்த சின்னச் சாமான் அது. திரையில் மஞ்சள் சீட்டு ஒட்டி அதில் எழுதி வைத்துக்கொள்ளலாம். புதியதில் அது இல்லை. “அது பழசோட போச்சும்மா. இன்னா எழுதி வச்சிருந்த, மீன் குழம்பு செய்யறதா? ஒரு நோட்டுல எழுதிக்கோ” என்றேன். பக்கத்து மேஜைப் பெண் சிரித்தாள். கலையரசி சிரிக்கவில்லை.

“நோட்டு உள்ள விடமாட்டாங்க சார்” என்றாள். பிறகு, “போச்சுன்னா எங்க சார் போச்சு?” என்றாள். பிறகு இன்னொரு தடவை, அதே குரலில், “எங்க போச்சு சார்?”

எனக்குச் சுள்ளென்று வந்தது. கடிகாரத்தைக் காணோம் என்கிற பேக்கிங்கும் மெனுவைக் காணோம் என்கிற ஸ்டோர்ஸும் காத்துக்கொண்டிருந்தன. “அழிஞ்சு போச்சும்மா. அழிஞ்சதுக்கு அட்ரஸ் இருக்குமா?” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். வாய்க்கு ஒரு பூட்டு போட வேண்டும் என்று எழிலரசி சொல்வது நியாயம்தான்.

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்குப் பின்னால், கைகழுவும் குழாய்கள் பக்கம் நான் உட்கார்ந்திருந்தபோது அவள் வந்தாள். கூட இன்னொருத்தி. முப்பத்தைந்து வயது இருக்கும், சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே நடந்து வந்தாள். மூன்றாவது லைனில் பேஸ்டிங் மேஜையில் பார்த்த முகம். ஷூவின் மேல்பாகமான அப்பரையும் அடிப்பாகமான சோலையும் ஒட்டுவதற்குச் சொல்யூஷன் என்கிற பசை பூசுகிற இடம் அது. அந்தப் பக்கம் போனாலே மூக்கு எரியும். அவள் வந்து நின்றபோது வலது காலில் ரப்பர் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை. செருப்பு நாலடி பின்னால், சிமென்ட் தரையில் தனியாகக் கிடந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. கலையரசி என்னிடம் பேச ஆரம்பித்தபடியே திரும்பிப் போய் அதை எடுத்து வந்து, குனிந்து, அவள் காலைப் பிடித்துச் செருப்புக்குள் நுழைத்துவிட்டாள். பேச்சை நிறுத்தவே இல்லை. பழகிப்போன வேலை என்று பார்த்ததும் தெரிந்தது.

“இது பூர்ணிமா அக்கா சார். ஒம்பது வருஷமா பேஸ்டிங்.”

“காலுக்கு இன்னா?” என்று கேட்டேன்.

பூர்ணிமாதான் பதில் சொன்னாள். “காலு இருக்குது சார். ஆனா இருக்குதான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது.”

கலையரசி சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் பூர்ணிமா பேஸ்டிங் மேஜையில் மயங்கி விழுந்தாள். உட்கார வைத்து எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். முதலுதவி ரிஜிஸ்டரில் எழுதவில்லை, ஜூஸ் கொடுத்ததற்கெல்லாம் எழுதுவதில்லையாம். அன்றைக்கே கலையரசி நாலாவது ரூமில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டித் தேதி போட்டு எழுதினாள். அதற்குப் பிறகு எப்போதெல்லாம் தலைசுற்றல், எப்போதெல்லாம் வாந்தி, எத்தனை டின் திறந்திருந்தது, காற்றை இழுக்கிற ஃபேன் ஓடியதா இல்லையா, வேறு யாருக்கு விரல் மரத்தது என்று எல்லாவற்றையும் நடந்த அன்றன்றைக்கே எழுதி வைத்திருக்கிறாள். போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பேப்பர் கொண்டுபோனால் வெளியே விடும்போது பையைத் திறந்து பார்ப்பார்கள். அதனால் நாலாவது ரூம். அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

சனிக்கிழமை கலையரசி லீவு போட்டுவிட்டு பூர்ணிமாவை வேலூருக்குக் கூட்டிப் போயிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டெஸ்ட். கம்பெனியில் ஹெச்.ஆர். வேதாசலம் இது சர்க்கரை வியாதி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பூர்ணிமாவுக்குக் கொஞ்சம் சர்க்கரை இருப்பது உண்மைதான். ஆனால் டாக்டர் டெஸ்டைப் பார்த்துவிட்டு, சர்க்கரை இந்த மாதிரி பண்ணாது, நீ பூசுகிற சொல்யூஷனால் இருக்கலாம் என்றாராம். எப்போது ஆரம்பித்தது, எத்தனை மணி நேரம், வேறு யாருக்கு என்று எழுதி வைத்தது ஏதாவது இருந்தால் வெள்ளிக்கிழமை கொண்டு வா, வேலையால் வந்த வியாதி என்று எழுதித் தருகிறேன் என்றாராம். அவர் எழுதிவிட்டால் பூர்ணிமாவை வெளியே அனுப்ப முடியாது, ஃபேனையும் சரி பண்ணியாக வேண்டும். எழுதாவிட்டால் மாதக் கடைசிக்குள் சொந்த விருப்பத்தில் நின்றுகொள்கிறேன் என்று லெட்டர் கேட்டிருக்கிறார் வேதாசலம்.

“இருக்குதுன்னு சொல்லிட்டு வந்தோம் சார் டாக்டர்கிட்ட. எல்லாம் இருக்குது, எழுதி வச்சிருக்கோம்னு.”

“எத்தினி சீட்டு?”

“எரநூறுக்கு மேல.”

“வீட்டுல ஒரு காப்பி எழுதி வச்சிருக்கக் கூடாதாம்மா?”

“நீங்கதான சார் ட்ரெய்னிங்ல சொன்னீங்க. பேப்பர்தான் கிழியும், கம்ப்யூட்டர்ல எழுதினா எங்கயும் போவாதுன்னு.”

குத்திக் காட்டவில்லை. நான் சொன்ன பாடத்தை எனக்கே ஒப்பித்தாள், அவ்வளவுதான். என் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. அந்த ட்ரெய்னிங் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெண்கள் முன்னால் பெரிய மனுஷன் மாதிரி மஞ்சள் சீட்டை ஒட்டிக் காட்டியதும், எல்லாரும் ஓ என்றதும்.

“எடுத்துத் தர்றேன்” என்றேன். எப்படி என்று தெரியாமலே சொன்னேன். பூர்ணிமா கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அங்கேயே எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

டிஸ்க் கெட்டுப்போகிற மாதிரி இருக்கிறது என்று ஜஹீதாவிடம் பொய் சொல்லி, வேறொரு டிஸ்க்கை மாட்டிவிட்டு, மூன்றாவது லைன் மெஷினின் டிஸ்க்கை கேட் பாஸ் போட்டு வெளியே கொண்டுவந்தேன். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு வீட்டில் அதோடு உட்கார்ந்தேன். பழைய காலத்து டிஸ்க் என்பதால் ஒரு நப்பாசை. அழித்தாலும் எழுத்து உடனே போவதில்லை. பழைய குடியிருப்புக்காரனைக் காலி பண்ணச் சொல்லிவிட்டுப் புதியவன் வந்து சேரும்வரை சாமான்கள் கிடப்பது போல, மேலே வேறொன்று எழுதப்படும்வரை கிடக்கும். ஆனால் மேலே எழுதியவன் யார்? நான்தான். புது டெஸ்க்டாப்பை முழுசாக விரித்துப் படுக்க வைத்துவிட்டேனே. பக்கத்து வீட்டில் லுங்கி நெய்கிற இரண்டு தறிகள் காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் பிறந்தவன் நான், அன்றைக்கு அது மண்டைக்குள் அடித்தது. மத்தியானம் வரை குப்பைதான் வந்தது. பாதி எழுத்து, கால் எழுத்து, எண்கள். மூன்று மணிக்குமேல் ‘அக்கா’ என்ற சொல்லைத் தேடினேன். வந்தது.

மொத்தம் பதினொன்று. இருநூற்றுக்கு மேல் இருந்ததில் பதினொன்று.

‘6ந் தேதி 10.40. அக்கா தல சுத்துதுன்னு உக்காந்துச்சு. ஃபேன் ஓடல. மூணு டின் தெறந்து இருந்துச்சு.’ மாதம் எது என்று இல்லை. ‘மா அக்கா காலு மரத்துப் போச்சு, குண்டூசி குத்தினா தெரியல. விஜயகுமாரிக்கும் கை’ என்று ஒன்று பாதியில் நின்றது. ‘அக்கா செருப்பு பஸ்ல உட்டுட்டு வெறுங்காலோட வந்துச்சு, அதுக்குத் தெரியல, சிரிச்சுட்டோம், அப்புறம் அழுவ வந்துச்சு’ என்று ஒன்று. எட்டாவதாக வந்தது முழுசாக இருந்தது.

‘ஜூன் 19. 3.15. அக்கா உழுந்துடுச்சு. ரிஜிஸ்டர் எழுதல. மதி சார் மவுஸ் மாத்த வந்திருந்தாரு. பாத்தாரு.’

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஜூன் 19. ஆமாம், மவுஸ் மாற்றப் போனேன். மேஜைக்குக் கீழே வயரை மாட்ட வேண்டியிருந்தது. தரையில் ஒருத்தி கிடந்தாள், இரண்டு பெண்கள் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். “கொஞ்சம் நகத்துங்கம்மா, வயர் மாட்டணும்” என்றேன். நகர்த்தவில்லை. நான் அவள் காலைத் தாண்டிப் போய் வயரை மாட்டிவிட்டு, திரும்பவும் தாண்டி வந்தேன். அடுத்த கம்பெனிக்கு நேரமாகிவிட்டது. அந்த முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தார் என்று கலையரசி எழுதி வைத்திருக்கிறாள்.

சாயந்திரம் எழிலரசியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அந்தம்மா காலத் தாண்டி வந்தத அன்னிக்கு எங்கிட்ட சொல்லவே இல்லியே” என்றாள். “சொல்றதுக்கு இன்னா இருந்துச்சு?” என்றேன். அவள் துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை பதினொன்றையும் பிரிண்ட் எடுத்து, ஒரு கவரில் மடித்து வைத்துக் கலையரசியிடம் கொடுத்தேன். மேஜைக்குக் கீழே வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். எட்டாவதை இரண்டு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன்.

“இவ்ளோதானா சார்?”

“இவ்ளோதாம்மா.”

“இதுல பாதிக்கு தேதியே இல்ல. நேத்து உக்காந்து அடிச்சதுன்னு வேதாசலம் சார் சொல்லிடுவாரு.” திரைப் பக்கம் திரும்பினாள். புதிய டெஸ்க்டாப்பில் நான் வைத்த மலைப் படம் இருந்தது. “சார், நீங்க அன்னிக்கு இருந்தீங்க இல்ல?”

“இருந்தேன்.”

“ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க சார். உழுந்தத பாத்தேன்னு. சீட்டு எரநூறு இருந்துச்சு, மெஷின மாத்தறப்ப போச்சு, இவங்க மேல தப்பு இல்லன்னு. நீங்க எழுதினா டாக்டர் நம்புவாரு. நாங்க லைன் ஆளுங்க, நீங்க வெளி ஆளு, படிச்சவரு.”

“பாக்கறேம்மா” என்றேன்.

நம் ஊரில் பாக்கறேன் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும். தலையாட்டிவிட்டு பத்து மணிக் கணக்கை ஏற்ற உட்கார்ந்தாள். அந்த லெட்டரில் இரண்டு விஷயம் இருக்கும். நான் பார்த்தேன் என்பது ஒன்று, நான் அழித்தேன் என்பது ஒன்று. இரண்டில் எது வெளியே போனாலும் இந்தக் கம்பெனி போய்விடும். இது போனால் மற்ற இரண்டும் போகும், மூன்று ஹெச்.ஆரும் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள். எனக்குப் பயம். கௌரவமாக வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. பயம்தான்.

ஆனாலும் வியாழக்கிழமை மத்தியானம் டைப் அடித்தேன். எட்டு வரி. பிரிண்ட் எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கையெழுத்து மட்டும் போடவில்லை. அதைச் சாயந்திரம் போடலாம், கலையரசி ஓவர்டைம் முடிந்து வரும்போது கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தபோது ஹெச்.ஆர். ரூமிலிருந்து ஆள் வந்தது. பிரிண்டர் வேலை செய்யவில்லையாம்.

வேதாசலம் கெட்ட மனுஷன் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். மெதுவாகப் பேசுவார், யாரையும் நிற்க வைக்க மாட்டார். அவருக்கு எதிர் நாற்காலியில் பூர்ணிமா உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் டீ இருந்தது. குடித்திருக்கவில்லை.

“வா மதி. புது ஸ்கிரீன் ஜோரா இருக்குது. ஆனா பிரிண்டருக்குப் போவ மாட்டேங்குது பாரு. மூணு தடவ அமுக்கிட்டேன். உன் கான்ட்ராக்ட் பேப்பரும் வந்திருக்குது, இந்தத் தடவ ரெண்டு வருஷத்துக்கே போட்டுடலாம்னு எம்.டி. சொல்றாரு.”

பழைய டெஸ்க்டாப்பில் சொல்லி வைத்திருந்த பிரிண்டரின் பெயர் புதியதில் இல்லை. அந்தப் புள்ளி ஃபோல்டரோடு அதுவும் போயிருந்தது. ஒரு நிமிஷ வேலை. பெயரைத் தேர்ந்து கொடுத்தேன். காத்திருந்த பேப்பர் மூன்றும் வரிசையாக வெளியே வந்தன, மூன்றும் ஒரே லெட்டர். நான்தான் எடுத்தேன். சூடாக இருந்தது. இங்கிலீஷில் பூர்ணிமாவின் பெயர், டோக்கன் நம்பர், லைன் நம்பர்.

“சார், இன்னா எழுதியிருக்குதுன்னு படிச்சு சொல்லுங்க” என்றாள் பூர்ணிமா. என்னிடம்தான்.

வேதாசலம் “சொல்லு மதி, தெரிஞ்சுக்கட்டும்” என்றார். படித்தேன். ‘எனக்கு இருக்கும் சர்க்கரை வியாதியின் காரணமாக, உடம்பு ஒத்துழைக்காததால், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என் சொந்த விருப்பத்தில் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன்.’ இதைத் தமிழில் சொல்லும்போது என் குரல் நன்றாகவே வந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

“சொல்யூஷன் பத்தி இருக்குதா சார்?”

“இல்லம்மா.”

“ஓ” என்றாள்.

வேதாசலம் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். “நாளைக்கு நாளைக்குன்னு தள்ளினா லீவு நாளெல்லாம் சேத்து வேற மாதிரி ஆயிடும்மா. உன் பொண்ணு பன்னெண்டாவது முடிக்கட்டும், இதே லைன்ல போட்டுத் தர்றேன். என் வார்த்த.”

பூர்ணிமா என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, கோபமும் இல்லை. கடையில் சாமான் கேட்டுவிட்டு நிற்கிறவள், இருக்கிறதா இல்லையா என்று கடைக்காரனைப் பார்ப்பாளே, அப்படி. லெட்டர் என் பையில் இருந்தது. கையை வைத்தால் எடுத்துவிடலாம். பிரிண்டரில் பேப்பர் ட்ரேயைத் திறந்து மூடினேன். திறக்க ஒரு தேவையும் இல்லை. நான் திரும்பியபோது அவள் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள். மூன்று காப்பியிலும் போட வைத்துவிட்டார், வந்துவிட்டதே என்று.

ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்கள் உள் மைதானத்தில் வரிசையாக நின்றன. நான் ஸ்டோர்ஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாதனூர் பக்கம் போகிற பஸ்ஸில் பூர்ணிமா கம்பியைப் பிடித்து ஏறினாள். இரண்டாவது படியில் இடது கால் செருப்பு கழன்று கீழே விழுந்தது. அவள் மேலே போய்விட்டாள். மற்ற நாட்களில் பின்னாலேயே ஏறி அதை எடுத்துக் கொடுக்க ஒருத்தி இருப்பாள், அன்றைக்கு அவளுக்கு ஆறு மணி வரை ஓவர்டைம். “யம்மா, செருப்பு!” என்று கத்தினேன். ஹாரன், பேச்சு, சிரிப்பு, யார் காதில் விழும்? பஸ் போய்விட்டது. ஜன்னலோரம் அவள் முகம் தெரிந்தது, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போய் எடுத்தேன். நீல ரப்பர் செருப்பு, குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டை விழப் பார்த்தது. ஐந்து விரலும் பதிந்த தடம் குழிகுழியாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றேன்.

ஆறு மணிக்குக் கலையரசி வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

“அக்கா போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

“கையெழுத்துப் போட்டுடுச்சுன்னு ஜஹீதா மேடம் சொன்னாங்க. மெய்தானா சார்?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். செருப்பை என் கையிலிருந்து வாங்கி, துப்பட்டாவால் மண்ணைத் துடைத்து, டிபன் பாக்ஸுக்கு மேலே பையில் வைத்துக்கொண்டாள். “போட்டா போட்டும். நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். அந்தப் பதினொண்ண நேத்தே துப்பட்டாவுல மறைச்சு வீட்டுல சேத்துட்டேன், அத எடுத்துனு போறேன்” என்றாள். லெட்டரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கேட் பக்கம் நடந்தாள். நானும் கூடவே நடந்தேன்.

கேட்டில் செக்யூரிட்டி வீரபாகு வழக்கம்போலப் பையைத் திறந்தார். ஷூ கம்பெனியில் சோதனை போடுவதே செருப்புக்காகத்தான்.

“இன்னாம்மா இது, ஒத்தச் செருப்பு?”

“பூர்ணிமா அக்காது. உட்டுட்டுப் போயிடுச்சு.”

“யாருதா இருந்தாலும் எழுதாம உட முடியாதும்மா, கேமரா இருக்குது” என்று ரிஜிஸ்டரைப் பிரித்தார். நிதானமாக, கட்டம் கட்டமாக எழுதினார். தேதி. நேரம், 6.05. கலையரசி, லைன் 3. பழைய ரப்பர் செருப்பு, இடது, ஒன்று. எழுதிவிட்டு ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார். “பாத்ததா ஒருத்தர் போடணும் சார். நீங்கதான் கூட இருந்தீங்களே.”

பேனாவை வாங்கி அவர் காட்டிய கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். கலையரசி நான் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பையை ஜிப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள், ஆனால் நகரவில்லை. வெளியே ரோட்டில் ஓவர்டைம் பஸ் ஹாரன் அடித்தது. வீரபாகு பேனாவுக்காகக் கையை நீட்டினார். என் சட்டைப் பையில் கையெழுத்துப் போடாத அந்த லெட்டர் நாலு மடிப்பில் குத்திக்கொண்டிருந்தது. அவர் கை நீட்டியபடியே இருந்தது. பேனா இன்னும் என் கையில்தான் இருந்தது.